நாலு நாள் தீவு

"வெள்ளிக்கிழமை தங்கச்சிக்கு நிச்சயதார்த்தம் சார். ஒரு நாள் லீவு வேணும்." டெய்லர் ஜோதிகா கடிதத்தை நீட்டினாள்.

பனியன் கம்பெனி மேனேஜர் செந்தில்வேல் அதை வாங்கவில்லை.

"ஒரு நாள் எதுக்காகும் அம்மிணி? நாலு நாள், சம்பளத்தோட. ராமேஸ்வரம் பக்கம் சின்னத் தீவு ஒண்ணு இருக்குது. போட்ல போறே. கடலைப் பார்த்தாப்பல ரூம். மீன் குழம்பு சாப்பிட்டுட்டுத் தூங்கறே."

"அம்மாவையும் கூட்டிட்டுப் போகலாமா சார்?"

"தாராளமா. அம்மா முறுக்குச் சுட்டு எடுத்துட்டு வந்தாங்கன்னு சேர்த்துக்க."

"எப்ப சார் கிளம்பணும்?"

"நீ போன மாசமே போய்ட்டு வந்துட்டே. நாளைக்கு நம்மகிட்ட பனியன் வாங்கற வெளிநாட்டு பையரோட ஆடிட்டர் வந்து, லீவு குடுக்கறாங்களான்னு கேப்பார். இதைத் தடுமாறாமச் சொல்லோணும். லீவு ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டுப் போ. உன் லெட்டரை அப்புறம் பார்க்கலாம்."

மறுநாள் ஜோதிகா முறுக்கு உட்பட எல்லாவற்றையும் சொன்னாள். ஆடிட்டர் நெகிழ்ந்துபோய், இங்கே தொழிலாளர் நலன் சிறப்பு என்று எழுதிக்கொண்டு போனார்.

அவள் மீண்டும் கடிதத்தை நீட்டினாள்.

செந்தில்வேல் ரிஜிஸ்டரைப் பிரித்து, அவள் கையெழுத்தைக் காட்டினார்.

"நாலு நாள் தீவுல ஜாலியா இருந்துட்டு வந்திருக்கறே. மறுபடியும் லீவு கேட்டா எப்படி அம்மிணி?"