உடுக்கைக்கு அலறும் பிள்ளை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இலங்கை மலையகத்தில் நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லய வீட்டு வாசலில் பூசாரி உடுக்கை அடிக்கிறார். ஆறு வயது தக்ஷிகா அலறுகிறாள். குக்கர் விசிலுக்கே சுவரில் மண்டையை மோதிக்கொள்ளும் பிள்ளை அவள். இது ஆட்டிசம், சத்தம் கேட்டால் காதைப் பொத்தவிடுங்கள் என்று கிளினிக் டாக்டர் சொல்லியிருக்கிறார். உடுக்கைக்கு அலறினால் உள்ளே இருப்பது பேய்தான் என்கிறார் பூசாரி. அவள் அலற அலற ஓங்கி அடிக்கிறார். ஒவ்வோர் அடியும் தகரக் கூரையில் பட்டு இரட்டையாகத் திரும்புகிறது. காதுக்குப் போகத் துடிக்கும் அந்த இரண்டு கைகளையும் மடியில் அழுத்திப் பிடித்திருப்பவள் பெற்றவள், கிருஷாந்தி.

"விட்றாத புள்ள, எறங்கப்போவுது!" என்று கத்துகிறான் புருஷன் யோகராஜ்.

"டாக்டரு படிச்ச இங்கிலீசு பேய்க்கு வெளங்குமா?" என்கிறார் பூசாரி. கூட்டம் சிரிக்கிறது.

தக்ஷிகா தாயின் மணிக்கட்டைக் கடிக்கிறாள். பல் எலும்பில் இடிக்கிறது. கடித்த வாயை எடுக்காமலே பிள்ளையின் உடம்பு வெட்டி வெட்டி இழுக்கிறது. கிருஷாந்தி பிடியை விடுகிறாள். எழுந்து உடுக்கையைப் பிடுங்கிப் படிக்கல்லில் ஓங்கி அடிக்கிறாள். தோல் கிழிகிறது. அடுத்த அடி பூசாரியின் வாயில் விழுகிறது. காதைப் பொத்திக்கொண்ட தக்ஷிகா சட்டென்று அடங்குகிறாள்.

"பாத்தீங்களா! புள்ளய விட்டுட்டு ஆத்தா மேல ஏறிருச்சு!" பூசாரி ரத்தம் துப்புகிறார். "புடிங்க அவள. தப்பக் கொண்டாங்கடா!"

யோகராஜ் பெண்டாட்டியின் கைகளை முதுகுக்குப் பின்னால் முறுக்குகிறான். தப்புப் பறையின் தோலைச் சூடேற்ற யாரோ பழைய பேப்பரைக் கொளுத்துகிறார்கள்.