நீலக் கோடு

இன்டர்நெட் கேபிள் பதிக்கத் தெருவைத் தோண்டப் போவதாக வாசலுக்கு வாசல் நோட்டீஸ் ஒட்டினார்கள். மறுநாள் ஓர் ஆள் வந்து, மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் போகும் வழி நெடுக நீலக் கோடு போட்டுவிட்டுப் போனான்.

அந்தக் குழாயைக் கட்டிப்பிடித்து, அதன் கசிவைக் குடித்தே பிழைத்துவந்த புங்கமர வேர், குழாயின் கதை முடிந்தது என்று தீர்மானித்துவிட்டது. எதிர்ப்பக்கத்து மரங்களுக்கும் இப்படித்தான் பெயிண்டால் நம்பர் போட்டார்கள். மறுவாரமே அத்தனையையும் வெட்டிச் சாய்த்தார்கள்.

"உன் காலம் முடிஞ்சுது, தம்பி. என்னைத் தப்பா நினைக்காதே" என்று சொல்லிவிட்டு, வேர் பிடியை விட்டு ஒரு சாண் தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது.

"சரிண்ணே. நீங்களாவது நல்லா இருங்க" என்றது குழாய்.

பொழுது விடிந்ததும் தோண்டும் இயந்திரம் வந்தது. மேஸ்திரி கத்தினார்: "நீலக் கோட்டுமேல கை வைக்காதே, குழாய் உடைஞ்சிடும்! ஒரு சாண் தள்ளித் தோண்டு!"

குழாய் பதறியது. "அண்ணே, ஓடி வாங்க! பழையபடி என்னைக் கட்டிக்குங்க!"

விலகி வர வேருக்கு ஒரு பகல் போதுமாயிருந்தது. திரும்பிப் போய்ச் சேர ஒரு மழைக்காலமாவது வேண்டும்.