கிண்ணத்தின் குளிர்

சவரிமுத்துவின் ஈரல் கட்டிக்குள் சோர்ந்து கிடந்த நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, சத்துநீர்க் கிண்ணத்தில் வளர்த்துவந்தாள் யாழ்மொழி. கட்டிக்குள்ளேயே கிடந்ததில் அவற்றின் சவ்வு விறைத்திருந்தது. அது இளகினால்தான் திரும்ப அவர் உடம்புக்குள் அனுப்ப முடியும். காலையில் நுண்ணோக்கியின் கீழே கண்ணாடி ஊசியால் தொட்டபோது ஒன்றுகூடக் குழியவில்லை. அப்போதுதான் கிண்ணம் சில்லென்றிருப்பதை உணர்ந்தாள். நேற்றிரவு அசதியில் அதை வெப்பப் பெட்டிக்குள் வைக்க மறந்து, ஏசிக்கு அடியிலேயே விட்டிருக்கிறாள். குளிரிலும் சவ்வு விறைக்கும். இது கட்டி செய்ததா, அறை செய்ததா?

வாசலில் சலைன் கம்பியைப் பிடித்தபடி சவரிமுத்து நின்றார். "என்ன டாக்டரம்மா, நம்ம பசங்க எந்திரிச்சாங்களா? அப்பனாட்டம் சோம்பேறிங்க."

"குளிருதுங்கய்யா அவங்களுக்கு. என் தப்புதான்."

"அப்ப போத்தி விடு தாயி. நான் எங்க போறேன்?" என்று வாசல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கிண்ணத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, அதன் வெதுவெதுப்பான கதவில் தன் விறைத்த விரல்களை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு கிண்ணத்தை எடுத்து ஊசியை இறக்கினாள். நுனி பட்ட இடத்தில் சவ்வு மெல்லக் குழிந்தது போலிருந்தது. அல்லது அவள் விரல்தான் நடுங்கியது.