தண்ணீர் ஆகாத குடுவை

அந்த அறைக்குள் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. குடுவையில், கரைப்பானுக்குள், நொதி சர்க்கரையையும் கொழுப்பமிலத்தையும் இணைத்து நுரைக்கும் பொருளாக மாற்றிக்கொண்டிருந்தது. தண்ணீர் சேர்ந்தால் அதே நொதி இணைத்ததைப் பிரித்துவிடும். பூங்கோதை மூடியைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் மணிகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா வந்து நின்றார். அவள் வீட்டில் கால்வைக்க மனமில்லாமல், தம்பியின் கல்யாணப் பத்திரிகையை ஆய்வகத்துக்கே கொண்டுவந்திருந்தார். கூட வேலைபார்த்த டொமினிக்கை அவள் கட்டிக்கொண்ட பிறகு, அவள் கையால் அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை.

பத்திரிகையை மேசையில் வைத்தார். ஆனால் கிளம்பவில்லை. வெயிலில் நடந்து வந்த முகம்.

“கொஞ்சம் தண்ணி குடும்மா.”

வெளியே வாங்க என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. குடுவையை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள். நடைவழிக் கேனிலிருந்து ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து உள்ளேயே கொண்டுவந்தாள்.

அப்பா டம்ளரை வாங்கி உற்றுப் பார்த்தார்.

“யாரோடது இது?”

“உங்க மாப்பிள்ளையோடதுப்பா. வேற டம்ளர் இல்ல.”

அவர் எங்கே போனாலும் அண்ணாந்துதான் குடிப்பார். இப்போது, திறந்துகிடந்த குடுவைக்குப் பக்கத்தில் நின்று, டம்ளரை வாயில் வைத்துக் குடித்தார்.