நேர்காணலுக்குப் போகாத கார்

வாப்பா சாவியைத் திருப்பத் திருப்ப இன்ஜின் வேகமாகச் சுழன்றதே தவிர, பற்றவில்லை. கடை வாசலில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்த வாப்பாவின் தம்பி, சாச்சா கிஃபாயத்துல்லா, காரையே பார்த்துக்கொண்டிருந்தார். நஜீபாவுக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

பத்து மணிக்குக் கோலாலம்பூரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி நேர்காணல். இதை விட்டால் அடுத்தது நிக்காஹ்தான் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. "பொம்பளப்புள்ள வெளியூர்ல தங்கிப் படிக்க வேணாம்" என்று நேற்று சாச்சா எல்லாரையும் வறுத்தெடுத்தார். வாப்பா மீரா முகைதீன்தான் மகள் பக்கம் நின்றார். "ஏழு மணி பஸ்ஸுல நீ ஏன் நசுங்கணும்? நானே கொண்டுபோய் விடுறேன்" என்றார்.

"பேட்டரி போச்சுலா" என்றார் வாப்பா இப்போது, நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"பேட்டரி செத்துருந்தா இன்ஜின் இப்படிச் சுத்தாதே வாப்பா."

எஸ்டேட் துரை சீமைக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போன முப்பது வயதுக் கார் அது. அதன் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் வாப்பா பக்கத்தில் நின்றே அவள் கற்றிருந்தாள். வாப்பா பெட்ரோல் குழாயை ஊதினார். பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைத்தார். மணி ஒன்பதாகிவிட்டது. இனி டாக்சி பிடித்தாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது.

நஜீபா தானே குனிந்து பார்த்தாள். பெட்ரோல் வருகிறது. பிளக்கில் பொறி இல்லை. பிளக்குகளுக்குப் பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியில் கை வைத்தாள்.

"அத நான் பாத்துட்டேம்மா" என்றார் வாப்பா.

அவள் திறந்தே விட்டாள். உள்ளே ரோட்டர் இல்லை. கட்டைவிரல் அளவுச் சாமான். அது இல்லாமல் பொறி வராது. வண்டி திருடு போகாமலிருக்கப் பழைய கார்க்காரர்கள் கழற்றி வைத்துக்கொள்வது அதைத்தான். தானாகக் கழன்று விழாது.

நேராகச் சாச்சா முன்னால் போய் நின்றாள். சொந்த வீட்டிலேயே இப்படிக் குழி பறிப்பார்களா?

"என் வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே சாச்சா. அதக் குடுங்க."

சாச்சா கிளாஸைக் கீழே வைத்தார். "வேணாம்னு மொகத்துக்கு நேராச் சொன்னவன் நான். எனக்கு அந்த பானெட்டத் தொறக்கக்கூடத் தெரியாதுலா."

"அப்ப யாரு?"

சாச்சா கார் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஒங்க வாப்பாவ இடுப்பு மடிய ஒதறச் சொல்லு."