மலையை அளந்த டேப்

நர்ஸ் மரகதம் எங்கள் மலைக்கு வந்து, இரண்டு வயது பூங்கொடியின் மேல்கையில், உடம்பில் சத்து போதுமா என்று நிறத்தில் காட்டும் ஒரு காகித டேப்பைச் சுற்றினாள். மஞ்சள் காட்டியது. "பச்சை வரணும் செவந்தி. அடுத்த மாசம் சிவப்புக்கு இறங்கிட்டா, புள்ளைய கீழே ஆஸ்பத்திரியில சேர்த்தே ஆகணும்" என்று தாயிடம் சொல்லி, டேப்பையும் கொடுத்துவிட்டுப் போனாள். அன்று முதல் ஊருக்கே அளக்கிற பைத்தியம். ஆட்டின் கால், கரண்டு கம்பம், பலா மரம் எதுவும் தப்பவில்லை. ஊர்த்தலைவரின் கழுத்தைச் சுற்ற டேப் போதாமல் பாதி வழியில் திரும்பி வந்தது. பூங்கொடிக்கு வந்து குவிந்த முட்டைகளால் மலை பத்தடி உயர்ந்தது, கேழ்வரகுக் கூழ் ஓடையாக ஓடியது, சத்தியம்! அவள்தான் இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. செவந்தி கெஞ்சினாள், ஆடினாள், அழுதாள். மாதம் முடிந்து மரகதம் வந்த அன்று மரங்கள்கூட மூச்சுவிடவில்லை. அவள் டேப்பைச் சுற்றும்போதே பூங்கொடி நர்ஸின் பைக்குள் கைவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்துவிட்டாள். முருங்கைக்கீரைச் சோறு.

"ஐயோ சிஸ்டர், அது உங்க சாப்பாடு!"

"சும்மா இரு செவந்தி."

பூங்கொடி இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் திணித்தாள். டேப் கையோடு வாய்க்கும் டப்பாவுக்கும் போய்வந்தது.

"என்ன கலரு சிஸ்டர்?" என்றது ஊர்.

"கை நிக்கட்டும், சொல்றேன்."

கை நிற்கவில்லை.