அக்கம்பக்கத்துத் தொந்தரவு

அமைதியான வீட்டுக்குச் சொத்து வரி அதிகம் என்று சட்டம் வந்தபிறகு, கமலவேணி புருஷனிடம் அடி வாங்குவது அந்த அடுக்குமாடிக்கே யோகமாகப் போயிற்று. பக்கத்து வீட்டு அலறலுக்குத் தள்ளுபடி உண்டு. என்றைக்கு, எதனால் அலறல் என்று ஆண்டுதோறும் உரிமையாளர்கள் சத்தியம் செய்து வரி ஆபீசில் பதிவு செய்ய வேண்டும். வீட்டுச் சுவரில் மாட்டிய ஒலி அளக்கும் கருவி அதைச் சரிபார்க்கும். அவள் கத்தும்போதெல்லாம், கருவிக்கு நன்றாகக் கேட்கட்டும் என்று எல்லா வீட்டுச் சன்னல்களும் திறந்தன. கதவு ஒன்றுகூடத் திறந்ததில்லை. ஒரு வாரம் சத்தமில்லையென்றால் மேல்வீட்டுக்காரம்மா, "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?" என்று அக்கறையாக விசாரிப்பாள்.

கமலவேணி பெட்டியோடு இறங்கிய அன்றுதான் எல்லாக் கதவும் திறந்தன. சங்கச் செயலாளர் ரத்னசபாபதி படிக்கட்டில் வழிமறித்தார்.

"எங்கம்மா கிளம்பிட்ட? குடும்பம்னா ஆயிரம் இருக்கும். இந்த வருஷப் பதிவு முடியுற வரைக்குமாவது பொறுத்துக்கக் கூடாதா?"

"போலீஸ் கேட்டப்போ எதுவும் காதுல விழலைன்னு சொன்னீங்களே சார்?"

"புருஷன் பொண்டாட்டி விவகாரத்துல நாங்க தலையிடலாமாம்மா?"

"வரி ஆபீஸ்ல தலையிட்டிருக்கீங்களே! என்னைக்கு எதை எடுத்து அடிச்சான்னு எனக்கே மறந்துபோச்சு. நீங்கதான் விவரமா எழுதிக் கொடுத்திருக்கீங்க." கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "எல்லார் பதிவுக்கும் நகல் வாங்கிட்டேன். நேரா கோர்ட்டுக்குத்தான் போறேன்."

ரத்னசபாபதி குரலைத் தாழ்த்தினார். "ஐயையோ, அதெல்லாம் தள்ளுபடிக்காகக் கொஞ்சம் கூட்டி எழுதினதும்மா!"

"பொய்னா வரி ஏய்ப்பு கேஸ். நிஜம்னா எனக்குச் சாட்சி. எதுன்னு சங்கத்துல கூட்டம் போட்டு முடிவு பண்ணிக்குங்க."

அவளுக்கு வழிவிட்டு எல்லோரும் சுவரோரம் ஒதுங்கினார்கள்.